தீவகத்துத் தேவாலயங்களும் இடம்பெயர்ந்தோரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கும் தீவுக்கூட்டத்தைத் தீவகம் என்பது ஊர்வழக்கு. ஊர்காவற்றுறையும் வேலணையும் அல்லைப்பிட்டியும் அமைந்த பெருந்தீவு, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவை இதில் அடங்கும். காரைநகரையும் சேர்த்துச் சொல்வது பழைய வழக்கம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை இலங்கை அரசுப் படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நடந்த நீண்ட போர்க்காலத்தில் இத்தீவுகளின் மக்கள் மீண்டும் மீண்டும் ஊரைவிட்டு ஓடினார்கள். அப்படி ஓடியபோது அவர்கள் முதலில் நுழைந்த இடங்களுள் தேவாலயங்கள் முக்கியமானவை. அந்த ஆலயங்கள் என்ன செய்தன, எவற்றைச் செய்ய முடியாமற்போயின என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

நிலமும் சபைகளும்

தீவகத்தில் பெரும்பான்மையினர் சைவர். ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, மெலிஞ்சிமுனை, அல்லைப்பிட்டி, மண்டைதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களில் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்களுள் கடற்றொழிலாளர் பலர். நாகபூசணி அம்மன் கோயிலாலும் நாகவிகாரையாலும் பெயர்பெற்ற நயினாதீவில் கிறிஸ்தவர் மிகக் குறைவு. எனவே இங்கே கூறப்படுவது தீவகம் முழுவதற்கும் ஒரே அளவில் பொருந்தாது.

போர்த்துக்கேயர் காலத்தில் வேரூன்றிய கத்தோலிக்கம், 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனதும் தடைக்குள்ளானது. குருக்கள் துரத்தப்பட்டனர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரைத் தேடிக் கண்டடையும்வரை, குரு இல்லாமலே செபமாலை சொல்லியும் மூப்பர் தலைமையில் கூடியும் அவர்கள் தங்கள் மதத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதிகாரத்தின் கண்ணுக்குத் தப்பி ஒருவரையொருவர் ஒளித்து வைத்துக் காக்கும் பழக்கம் இச்சமூகத்துக்கு அன்றே வந்துவிட்டது. 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் யாழ்ப்பாணம் வந்தனர். 1886இல் யாழ்ப்பாணம் தனி மறைமாவட்டமானது. தமிழாராய்ச்சிக்கு உலக மேடை அமைத்துத் தந்த தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்த ஊர் இத்தீவகத்துக் கரம்பொன்தான். புரட்டஸ்தாந்தச் சபைகளில் 1816இல் தொடங்கிய அமெரிக்க மிஷனின் வழிவந்ததும், 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு பகுதியுமான யாழ்ப்பாண ஆதீனம் முக்கியமானது.

நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இம்மக்களின் இடப்பெயர்வைப் புரிந்துகொள்ள முடியாது. யாழ் நகரிலிருந்து தீவகத்துக்கு நேரே போகும் தரைவழி ஒன்றே ஒன்று: பண்ணைத் தாம்போதி. மண்டைதீவுச் சந்தியும் அல்லைப்பிட்டியும் அதன் மறுமுனையில் இருக்கின்றன. வேலணையிலிருந்து இன்னொரு பாலம் புங்குடுதீவுக்குச் செல்கிறது. அங்கே குறிகட்டுவான் துறையில் தரை முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே கதி. ஒரு சோதனைச் சாவடி பண்ணைத் தாம்போதியை மூடிவிட்டால் தீவகத்துச் சனம் அடைபட்டுப்போகும். யாழ்ப்பாணத்தை நோக்கிப் படை நகரும்போதெல்லாம் அல்லைப்பிட்டியும் மண்டைதீவும் முதலில் அடிபட்டதற்கும் இதுவே காரணம்.

ஊர்கள் வெறுமையானது

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். இறந்தோர் குறைந்தது 23 பேர். ஊரார் சொல்லும் தொகை முப்பதைத் தாண்டும். கடற்படையினரே இதைச் செய்தார்கள் என்று தப்பியவர்கள் கூறினர். தீவுக்காரருக்குக் கடல்தான் வீதி. அந்த வீதியிலேயே சாவு காத்திருக்கிறது என்று ஆனபின், வழியுள்ளவர்கள் யாழ் நகருக்கும் கொழும்புக்கும் தமிழ்நாட்டுக்கும் மேற்கு நாடுகளுக்கும் போகத் தொடங்கினார்கள்.

1990 ஓகஸ்டில், முற்றுகைக்குள் இருந்த யாழ்ப்பாணக் கோட்டையை மீட்க இராணுவம் தீவுகள் வழியே நகர்ந்தது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் வீடு திரும்பவில்லை. அவர்களைக் கொன்று கிணறுகளில் போட்டு மூடினார்கள் என்ற குற்றச்சாட்டை உறவினர் இன்றுவரை சொல்லி வருகின்றனர். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் ‘வலம்புரி’ என்ற பெயரில் நடந்த நடவடிக்கையோடு தீவகம் இராணுவத்தின் கையில் வந்தது. சனத்தில் பெரும்பகுதி அதற்குள் யாழ் நகருக்கும் வலிகாமத்துக்கும் ஓடிவிட்டது. ஊரில் மிஞ்சியவர்களுள் நடக்க மாட்டாத முதியோர் பலர்.

அதன்பின் ஏறத்தாழ நான்காண்டுகள் தீவகம் இராணுவத்தின் கையிலும் யாழ் நகர் விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன. கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஊர், போக வழியில்லை. யாழ்ப்பாணத்து ஆலய வளாகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் தங்கிய தீவக மக்கள், 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ் நகரிலும் வலிகாமத்திலும் இருந்த சனம் ஏறத்தாழ முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தபோது இரண்டாம் முறையாக அகதிகளானார்கள். இப்பெரும் இடப்பெயர்வைப் பற்றி எழுதுபவர்கள் அதைப் பெரும்பாலும் ஒற்றை நிகழ்ச்சியாகவே காட்டுகிறார்கள். தீவகத்தாரைப் பொறுத்தவரை அது தொடர்கதையின் நடுப்பகுதி.

அறைவீடும் பதிவேடும்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் குருமனையை அறைவீடு என்பார்கள். குருவைச் சுவாமி என்பார்கள். தேவாலயத்தையும் கோயில் என்றே சொல்வார்கள். ஷெல் விழத் தொடங்கிய இரவில் சனம் கோயிலுக்கு ஓடியதற்கு நம்பிக்கை ஒரு காரணம். தடித்த சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும் பரந்த வளவும் இன்னொரு காரணம். கிடுகு வீட்டில் வாழ்ந்த கடற்றொழிலாளிக்குத் தன் ஊரில் இருந்த ஒரே கற்கட்டடம் பல இடங்களில் கோயில்தான்.

இவற்றைவிட முக்கியமான மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. ஊரில் எல்லாரும் ஓடினாலும் சுவாமி ஓட மாட்டார் என்று சனம் நம்பியது. கிராம அலுவலர் வேறு ஊர்க்காரராக இருக்கலாம், ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகலாம். பங்குத்தந்தைக்கு அந்த வளவே வீடு. அத்துடன் அவர் ஆயரிடம் நேரே பேசக்கூடியவர். ஆயர் அரச அதிபரிடமும் படைத் தளபதியிடமும் கொழும்பிலும் பேசக்கூடியவர். தனக்காகப் பேச யாருமில்லாத ஒரு மீனவக் குடும்பத்துக்கு இந்தச் சங்கிலி எவ்வளவு பெரிய காரியம் என்பதை, சாவடியில் மணிக்கணக்கில் நின்றவர்களே அறிவார்கள்.

கோயில் வளவு முகாமாக மாறுவது ஒரே இரவில் நடக்கும். வாங்குகளை ஓரமாக அடுக்கிவிட்டு நடுவே பாய் விரிப்பார்கள். பீடத்தையும் நற்கருணைப் பேழையையும் திரைபோட்டு மறைப்பதும் உண்டு. விடிந்ததும் முதல் வேலை பெயர் எழுதுவது. குடும்பத் தலைவர் யார், எத்தனை பிள்ளைகள், கர்ப்பிணிகள் யார், காயப்பட்டவர்கள் யார், வராமல் விடுபட்டவர்கள் யார் என்று ஒரு அப்பியாசக் கொப்பியில் பங்குத்தந்தையோ அருட்சகோதரியோ எழுதுவார்கள். அந்தப் பட்டியல்தான் பிரதேச செயலகத்துக்குப் போய் அரிசி, மா, சீனி, பருப்பு என்ற உலர் உணவு நிவாரணமாகத் திரும்பி வரும். மறைமாவட்டத்தின் சமூகப்பணி அமைப்பான கியூடெக், பாயும் போர்வையும் பாத்திரமும் தறப்பாளும் கொண்டுவரும் நாளிலும் அதே கொப்பிதான் விரிக்கப்படும்.

தீவகத்தில் சோற்றைவிடத் தண்ணீர் பெரிய பாடு. நல்ல தண்ணீர்க் கிணறுகள் சில, மற்றவை உவர். நூற்றுக்கணக்கானோர் ஒரு வளவில் தங்கினால் கிணறு இரண்டு நாளில் கலங்கிவிடும். கழிப்பறைக்குப் பெண்கள் இருட்டும்வரை காத்திருக்க நேர்ந்தது. இரவில் வளவைச் சுற்றி ஆளரவம் கேட்டால் யாரும் உறங்க மாட்டார்கள். இத்தனைக்கும் நடுவே அருட்சகோதரிகள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார்கள். காய்ச்சல் கண்டவர்களை ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சாவடியில் வாதாடினார்கள். போர்க்காலத் தேவாலயப் பணி என்றாலே குருக்களின் பெயர்கள்தான் நூல்களில் நிற்கின்றன. சகோதரிகளின் உழைப்புக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

பதிவேடு இன்னொரு வகையிலும் பயன்பட்டது. ஓடும் அவசரத்தில் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கைவிடப்பட்டுப் போகும். வீடு எரிந்தால் அவையும் எரியும். அடையாள அட்டை இல்லாத இளைஞன் சாவடியில் சந்தேக நபர். அப்போது பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எடுத்த சான்று, பிறப்பையும் வயதையும் நிரூபிக்கும் துணை ஆதாரமாக நின்றது. பூசைக்காக எழுதி வைத்த ஏடு ஆளைக் காப்பாற்றும் ஏடாயிற்று.

ஆலய முகாம்களில் கத்தோலிக்கர் மட்டும் தங்கவில்லை. சைவக் குடும்பங்களும் தங்கின. அதேபோல சைவக் கோயில்களும் அடைக்கலம் தந்தன. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ் நகரைப் பிடித்தபோது நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் தஞ்சம் புகுந்தோர் ஆயிரக்கணக்கானோர். குறையையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பங்குகள் சாதி வழியே உருவானவை. அந்தக் கோடு போரில் முழுதாக அழிந்துவிடவில்லை. குடாநாட்டின் நலன்புரி நிலையங்களில் பல்லாண்டுகள் தங்கிவிட்டவர்களில் நிலமற்றவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே மிகுதி என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். காணியும் வெளிநாட்டு உறவும் உள்ளவர்களுக்குக் கோயில் வளவு சில வாரத் தங்கலாக இருந்தது. அவை இல்லாதவர்களுக்கு முகாமே முகவரி ஆயிற்று.

அல்லைப்பிட்டி, 2006

2002 யுத்தநிறுத்தத்தின் பின் தீவகத்துக்குத் திரும்பி வந்த குடும்பங்கள் கூரை மேய்ந்து, வலை வாங்கி, நான்காண்டுகள்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டி, புளியங்கூடல், வங்களாவடி ஆகிய மூன்று இடங்களில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டுக்குள் கொல்லப்பட்டவர்களில் நான்கு மாதக் குழந்தையும் நான்கு வயதுச் சிறுவனும் இருந்தனர். சம்பவ இடத்தில் கடற்படையினர் இருந்ததாக நம்பத்தகுந்த தகவல் கிடைத்ததென்று சர்வதேச மன்னிப்புச் சபை கூறியது, படைத்தரப்பு மறுத்தது. அடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கானோர் பாயைச் சுருட்டிக்கொண்டு யாழ் நகருக்கும் வன்னிக்கும் போனார்கள்.

அல்லைப்பிட்டியின் ஆலயம் புனித பிலிப்பு நேரியாருக்கு உரியது. அங்கே திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண் அடிகளார் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. வயது 34. ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் போர் மூண்டது. குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடப்பட்டது. விடுதலைப் புலிகள் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கமாகவும் தரையிறங்கினர். ஊர் ஷெல் வீச்சுக்குள் அகப்பட்டது. சனம் வழக்கம்போல் கோயிலுக்குள் ஓடியது. ஓகஸ்ட் 13 அதிகாலை ஷெல் கோயிலிலேயே விழுந்தது. குறைந்தது 15 பேர் இறந்தனர், காயப்பட்டோர் பலர்.

தஞ்சம் புகுந்த இடமே அடிபட்ட பின் எங்கே போவது? அடிகளார் உயிர் தப்பியவர்களை ஊர்காவற்றுறைப் புனித மரியாள் ஆலயத்துக்குக் கொண்டுசேர்த்தார். காயப்பட்டவர்களை அப்புறப்படுத்தவும் ஊரைவிட்டு வெளியேறவும் அனுமதி கேட்டு அவர் கடற்படையினரோடு மன்றாடியதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. புலிகளுக்குத் துணை போகிறவர் என்று ஓர் அதிகாரி அவரைக் கடிந்ததாகவும் அப்பதிவுகள் கூறுகின்றன. சனத்தை இடம் மாற்றிவிட்ட பிறகு அவருடைய கடமை முடிந்துவிட்டதென்று யாரும் சொல்லியிருப்பார்கள். அவர் அப்படி எண்ணவில்லை. கைவிட்டு வந்த ஊர் அங்கே இருந்தது. அதன் கோயில் அங்கே இருந்தது.

ஓகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. அடிகளாரும் அவருக்கு உதவியாக இருந்த குடும்பஸ்தர் ஒருவரும் மோட்டார் சைக்கிளில் அல்லைப்பிட்டிப் பக்கம் போனார்கள். அங்கிருந்த கடற்படைச் சாவடியருகே அவர்களைக் கண்டதோடு சாட்சியங்கள் நின்றுபோகின்றன. இருவரும் திரும்பவில்லை. அவர்களைத் தடுத்து வைக்கவில்லை என்று கடற்படை கூறியது. யாழ் ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம் அரசின் உயர்மட்டம்வரை முறையிட்டார். ஹியூமன் ரைட்ஸ் வோச், சர்வதேச மன்னிப்புச் சபை ஆகியவை தத்தம் அறிக்கைகளில் இவ்வழக்கை எழுதின.

2006 நவம்பரில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, நீதியரசர் உடலாகமவின் தலைமையில் விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைத்தார். அதனிடம் ஒப்படைக்கப்பட்ட 16 சம்பவங்களில் மே 13 கொலைகளும் உண்டு. ஜிம் பிரவுண் அடிகளார் காணாமற்போனதும் உண்டு. அந்தப் பட்டியல் அவர் காணாமற்போன நாளை ஓகஸ்ட் 28 என்று குறித்தது, எட்டு நாள் பிந்தி. கண்காணிக்க வந்த சர்வதேச வல்லுநர் குழு 2008இல் விலகிக்கொண்டது. 2009 ஜூனில் ஆணைக்குழுவின் காலம் முடிந்தபோது அது விசாரித்து முடித்திருந்தவை பாதியை எட்டவில்லை. அல்லைப்பிட்டிப் பங்கில் ஒவ்வோர் ஓகஸ்டிலும் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள்.

கோயில் என்ற பாதுகாப்பு

போரில் கோயிலுக்குள் இருப்பவர்களைத் தாக்கலாகாது என்ற எண்ணம் பழமையானது. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ஆலயத்துக்குள் நுழைந்தவனைக் கைதுசெய்ய முடியாது என்ற சட்டமே இருந்தது. நம் காலத்தில் ஜெனீவா ஒப்பந்தங்களின் இரண்டாம் மேலதிக நெறிமுறை, உள்நாட்டுப் போரில் வழிபாட்டிடங்களைக் காக்கச் சொல்கிறது. இலங்கை அதில் சேரவில்லை. நடைமுறையில் தமிழ்ப் பகுதிகளில் இந்தப் பாதுகாப்பு மிக மெல்லியதாகவே இருந்தது.

1993 நவம்பர் 13 அன்று குருநகர் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுக்கு இலக்கானது. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு பாவிலு ஆலயத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் விமானத் தாக்குதலில் இறந்தனர். வழிபாட்டிடங்களுக்குப் போய்ச் சேரும்படி துண்டுப்பிரசுரம் போட்டுவிட்டே குண்டும் போட்டார்கள் என்பது நவாலியில் தப்பியவர்களின் ஆறாத குமுறல். 1990 முதல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு திறந்த நிவாரண நிலையமாக இருந்த மடு மாதா தலத்தில் 1999 நவம்பர் 20 அன்று ஷெல் விழுந்து சுமார் 40 பேர் இறந்தனர். 2006 ஜூன் 17 அன்று பேசாலை வெற்றிநாயகி ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த மீனவர் குடும்பங்கள் தாக்கப்பட்டன. ருவண்டாவில் 1994இல் நியாமாட்டா, நிடராமா ஆலயங்களுக்குள் ஓடிய ஆயிரக்கணக்கானோர் அங்கேயே கொல்லப்பட்டனர். கோயில் கூரை யாரையும் காப்பாற்றும் என்ற உறுதி எங்கும் இல்லை. ஆனால் கோயிலில் நடந்தது மறைக்க முடியாததாகிவிடுகிறது: உள்ளே இருந்தோரின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன, அவற்றை வெளியே சொல்ல ஒருவர் இருக்கிறார். காட்டிலும் கடலிலும் செத்தவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

கடலுக்கு அப்பால்

தீவகத்திலிருந்து படகேறியவர்களில் ஒரு பகுதியினர் இராமேசுவரம் போனார்கள். காசு வாங்கிய படகோட்டிகள் சிலர் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் போக, பிள்ளைகளோடு வெயிலில் காத்துக் கிடந்து, பின் மண்டபம் முகாமில் பதிவானவர்கள் பலர். வியட்நாம் படகு அகதிகளைக் கண்டு மனம் நொந்த இயேசுசபைத் தலைவர் பேதுரு அருப்பே 1980இல் தொடங்கிய இயேசுசபை அகதிகள் பணி, தமிழ்நாட்டு முகாம்களில் ஈழத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள் நடத்தியது. இரு கரை மீனவர்களும் கூடும் கச்சதீவுப் புனித அந்தோனியார் திருவிழா போரினால் நின்றிருந்து, போருக்குப் பின் மீண்டும் தொடங்கியது. ஊர்விட்டுப் போன உறவுகளை அந்த மணலில் ஒரு நாள் கண்டு பேசிவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் உண்டு.

நெடுந்தீவில் பிறந்த ஆயர்

இடம்பெயர்ந்தோருக்காக ஓங்கி ஒலித்த குருக்களில் ஒருவரான இராயப்பு ஜோசப் ஆண்டகை தீவகத்துப் பிள்ளை. 1940 ஏப்ரல் 16 அன்று நெடுந்தீவில் பிறந்தார். 1992இல் மன்னார் ஆயரானார். மடு முகாமும் பேசாலையும் அவருடைய மறைமாவட்டத்துக்குள் இருந்தவை. அவருடைய காலத்திலேயே, 2007 செப்டெம்பரில், இடம்பெயர்ந்தோருக்குப் பொருட்கள் கொண்டுபோன இயேசுசபை அகதிகள் பணியின் மன்னார் இணைப்பாளர் பாக்கியரஞ்சித் அடிகளார் கிளைமோர் தாக்குதலில் உயிரிழந்தார்.

போர் முடிந்தபின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, 2011 ஜனவரியில் ஆயர் அதன்முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த சனத்தொகை, கச்சேரிக் கணக்குப்படி 4,29,059. போரின் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கொல்லப்பட்டோர் இத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை. அரசின் இரண்டு ஏடுகளையும் எடுத்துக் கழித்துக் காட்டினார். பங்குப் பதிவேட்டோடு வாழ்ந்து பழகிய ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி அது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், மிரட்டல்கள் வந்தன, தொகையை அவர் திருத்தவில்லை. நோயுற்று 2016இல் பதவி விலகி, 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார். அந்த 1,46,679 பேருக்கு அரசு இன்னும் கணக்குச் சொல்லவில்லை.